ஒபினெல் நம்பர் 8 கார்பன் கத்தி: பிளேடு கறுத்தா கறுக்கட்டும்

பிரான்ஸ்ல சவோய் மலைப்பக்கம் 1890ல ஆரம்பிச்ச மடக்குக்கத்தி இது. பீச் மரப்பிடி, 8.5 செ.மீ கார்பன் ஸ்டீல் பிளேடு (ஸ்டெயின்லெஸ் இல்லாத, துரு பிடிக்கக்கூடிய எஃகு), மடங்காம லாக் பண்ண ஒரு இரும்பு வளையம், அது 1955ல சேர்த்தது. வெட்டு எப்படினா சூப்பர், தக்காளித் தோல்ல வழுக்காம இறங்குது, மழுங்கினாலும் கல்லுல கொஞ்சம் தீட்டினா போதும், மறுபடி கூர் வந்துடும். நான் சொல்ல வந்தது பிளேடு நிறத்தைப் பத்தி, ஏன்னா வாங்குறவங்க நிறைய பேர் அதைப் பாத்துதான் பயந்துடுறாங்க.

புதுசுல கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு தடவை வாழைக்காய் சீவுங்க, கறை பட்ட இடமெல்லாம் அப்பவே கருநீலமா மாற ஆரம்பிச்சுடும், வாழைக்காய்ல இருக்கிற டானின் இரும்போட சேர்ந்தா அப்படித்தான். மாங்காய் வெட்டினா சாம்பல் திட்டு. இது துரு இல்லங்க, பட்டினா, அதாவது இரும்பு மேல படியற கறுப்புப் படலம். விரலால தேய்ச்சா ஆரஞ்சு பொடியா ஒட்டுதா, அதுதான் துரு, அது இரும்பையே தின்னுட்டு உள்ள போகும். தேய்ச்சும் வராம பிளேடோட ஒட்டிக்கிட்டு கறுப்பா நிக்குதா, அதை விட்டுடுங்க, துரு ஏறுறதை அதுவே ஓரளவு தடுக்கும். அதைப் போய் பச்சை ஸ்க்ரப்பர் போட்டு தேய்ச்சு பளபளப்பாக்குறதைப் பாத்தா எனக்கு மனசே ஆறாது, கீறல் விழுந்து அந்தக் கீறல்லதான் ஈரம் தங்கும்.

சீரா நிறம் வேணும்னா சோப்பு போட்டு எண்ணெய்ப்பசை சுத்தமா போக கழுவி, வெதுவெதுப்பான வினிகர்ல துணிய நனைச்சு பிளேடுல சுத்தி ஒரு பத்து நிமிஷம் வைங்க. எடுத்ததும் சமையல் சோடா கரைச்ச தண்ணில அலசி உடனே துடைச்சுடணும், புளிப்பு தங்கினா அதுவே துருவுக்கு வழி விடும். கத்தியை முழுசா வினிகர்ல முக்காதீங்க, மரம் ஈரத்தைக் குடிச்சு உப்பிக்கும், பிளேடு உள்ளயே இறுகிக்கும். அப்படி இறுகினா பிடியோட அடிப்பக்கத்தை மேஜைல லேசா தட்டினா பிளேடு கொஞ்சம் வெளிய வரும், சவோய்க்காரங்க பேர்லயே இந்தத் தட்டுக்கு பேர் இருக்கு.

ஏற்கெனவே துரு பிடிச்சிருந்தா முதல்ல சமையல் சோடாவ பேஸ்ட் மாதிரி குழைச்சு பாட்டில் கார்க்கால தேய்ச்சுப் பாருங்க, மேல இருக்கிற துரு போயிடும். போகலன்னா ரஸ்ட் எரேசர்னு விக்கிறாங்க, ரப்பர்ல மணல் கலந்த கட்டி, நல்லா வேலை செய்யுது. இல்ல 2000 கிரிட் வாட்டர் பேப்பர்ல, அதாவது ரொம்ப நைஸான உப்புத்தாள்ல, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு பிளேடு நீளவாக்குல ஒரே திசைல இழுங்க, வட்டமா தேய்ச்சா அந்தக் கீறல் கண்ண உறுத்திட்டே இருக்கும். புளி, எலுமிச்சையும் துருவ எடுக்கும்தான், ஆனா ரொம்ப நேரம் விட்டா இரும்பையும் அரிச்சு மங்கலாக்கிடும், பட்டினாவும் போயிடும்.

தினசரி பராமரிப்புனு பெருசா ஒண்ணும் இல்ல, வெட்டி முடிச்ச கையோட கழுவி துடைச்சுடணும், அவ்ளோதான். சிங்க்ல போட்டுட்டு டீ குடிக்கப் போனா முடிஞ்சுது. கடற்கரை ஊர்னா எண்ணெய் கட்டாயம், கடையில கிடைக்கிற ஃபுட் கிரேட் மினரல் ஆயில் பெஸ்ட், இல்லன்னா தேங்காய் எண்ணெய் மெல்லிசா. நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆக பிசுக்கு கட்டும். பிளேடு பிடிக்குள்ள நுழையற அந்த மூட்டுல ஒரு சொட்டு விட மறக்காதீங்க, துடைக்கிற துணி அங்க எட்டாது, துரு அங்கதான் ஒளிஞ்சு கிளம்பும்.

வெட்டி அப்படியே வச்சுட்டுப் போற பழக்கம் இருக்கிற வீட்டுக்கு இது சரிவராது, அவங்க ஸ்டெயின்லெஸ் வகையே வாங்கலாம். பிளேடுல இனாக்ஸ்னு இருந்தா அது ஸ்டெயின்லெஸ், கார்போன்னு இருந்தா நான் சொல்ற இந்தக் கத்தி, ஆர்டர் போடும்போது போட்டோவ பெருசாக்கி பாத்துக்கோங்க.