மணலா, பலகையா, பட்டையா? பிரண்ட கரண்டைக்காலுக்கு எது?

மண்டபம், பாம்பன் பக்கம் வாலிபால் ஆடுகிற பையன்களிடம் கால் பிரண்டுவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். ஒரே வைத்தியம்தான் வரும்: "மணல்ல ஓடுறா, சரியாயிரும்." நானும் பல வருடம் அதையே சொன்னவன்தான். இப்போது சொல்வதில்லை.

காரணம், எங்கள் அணியில் ஒரு பையன். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். அலையில் ஆடுகிற வள்ளத்தில் நின்று வலை இழுப்பவனுக்கு பேலன்ஸ் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஆனால் ஒரே சீசனில் அவனுக்கு இடது கரண்டை (கணுக்கால்) இரண்டு முறை பிரண்டது. இரண்டு முறையும் நெட்டுக்கு அடியில், எதிராளியின் பாதத்தின்மேல் இறங்கியபோது. வள்ளத்தில் அவன் காலை அகட்டி, முழங்காலையும் இடுப்பையும் வளைத்து நிற்கிறான். குதித்து இறங்கும்போதோ மொத்த எடையும் ஒற்றைப் பாதத்தில். அது வேறு வித்தை.

சுளுக்கில் பெரும்பாலும் அடிபடுவது கரண்டையின் வெளிப்பக்க லிகமென்ட். அது எலும்புகளைக் கட்டிவைக்கும் கயிறு மட்டுமல்ல. மூட்டு எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று சேதி அனுப்பும் நரம்பு முனைகளும் அதில் உண்டு. வீக்கம் வடிந்த பிறகும் "காலை நம்பி ஊன்ற முடியல" என்கிறார்களே, அதற்கு அந்த முனைகள் சேதமாவது ஒரு காரணம் என்று 1965இலேயே ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் எலும்பு மருத்துவரும் உடனிருந்தவர்களும் எழுதினார்கள். ஆடும் பலகையில் நின்று பழகச் சொன்னதும் அவர்கள்தான். பிற்பாடு வந்தவர்கள் தசையிலும் பாதத் தோலிலும் இருக்கும் உணர்வையும் கணக்கில் சேர்த்தார்கள்.

சரி, மணலுக்கு வருவோம். உழைப்பு வாங்குவதில் அதை அடிக்க ஆளில்லை. மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஓட, சுமார் 1.6 மடங்கு. கெண்டைக்காலும் பாதத்தின் சிறு தசைகளும் நன்றாக வேலை செய்யும். ஆனால் தனுஷ்கோடிப் பொடிமணல் ஒரு மாதிரி, வடகடல் (பாக் விரிகுடா) ஓரத்து ஈரமணல் இன்னொரு மாதிரி. நேற்றைவிட இன்று தேறினோமா என்று அளக்க வழியில்லை. கரையோரச் சரிவில் ஒரே திசையில் ஓடினால் ஒரு கரண்டை முழு நேரமும் சாய்ந்தே கிடக்கும், பிரண்ட காலுக்கு அது ஆகாது. திரும்பி வரும்போது அடுத்த கால் சாயும். (சீமைக்கருவேல முள் தனிக்கதை.)

பலகை சலிப்பான விஷயம். மர ஆசாரியிடம் வட்டப் பலகை ஒன்றை அறுத்து, அடியில் அரைக்கோளக் கட்டை வைக்கச் சொன்னால் போதும். ஒற்றைக்கால், பிறகு பந்து பிடித்துக்கொண்டு, அப்புறம் கண்ணை மூடி. நெதர்லாந்து வாலிபால் அணிகளில் இதைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்கெனவே சுளுக்கு வந்தவர்களுக்கு மறுபடி பிரளுவது குறைந்தது. வராதவர்களுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. முழங்கால் தொந்தரவு இருந்தவர்களுக்கு அது கூடியதும் அதே ஆய்வில்தான். ஆகவே எல்லோரையும் பலகையில் ஏற்ற வேண்டியதில்லை.

பட்டை? ஒட்டும் டேப் விளையாட ஆரம்பித்து அரை மணிக்குள் தளர ஆரம்பிக்கும், நம் ஊர் வியர்வைக்குக் கேட்கவே வேண்டாம். கரண்டையைச் சுற்றிப் போட்டுக் கயிறு கட்டும் பிரேஸ் அதைவிட மேல். மேட்ச் அன்று போடலாம், போட்டதால் பலகையை விடக் கூடாது.

அந்தப் பையனுக்கு இப்போது வாரம் மூன்று நாள் பலகை, மணல் ஞாயிறு மட்டும். வெறுந்தரையில் கண்ணை மூடி வலது காலில் 30 வினாடி நிற்கிறான். இடது காலில் 11. இன்னும் நெட் பக்கம் விடவில்லை. முறைத்துக்கொண்டு பின்வரிசையில் நிற்கிறான்.