ப்ளக்இன்களுக்கு நடுவே ஒரு ஹார்ட்வேர் சின்த்: ஐந்து வருட அனுபவம்

ஐந்து வருடமாக என் மேசையில் அனலாக் சின்த் ஒன்று இருக்கிறது, அதாவது மின்சுற்றிலேயே சத்தத்தை உண்டாக்கும் சின்தசைசர். நான்கு குரல், ஒரே நேரத்தில் நான்கு சுரம் ஒலிக்கும். பக்கத்திலேயே கம்ப்யூட்டரில் அதே வேலையைச் செய்யும் மென்பொருளான ப்ளக்இன்களும் நிறைய வைத்திருக்கிறேன், இரண்டையும் தினமும் தொடுகிறேன்.

அனலாக் சத்தமே தனி என்று நம்பித்தான் வாங்கினேன். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆன் செய்து சூடேறும் வரை சுருதி லேசாக நகரும், ஒரே கட்டையை நான்கு முறை அழுத்தினால் நான்கும் துளித்துளி மாறிக் கேட்கும். ஆனால் இன்றைய நல்ல ப்ளக்இன்கள் அதையும் செய்துவிடுகின்றன, மற்ற வாத்தியங்களோடு கலந்த பிறகு எது எது என்று என்னாலேயே பல நேரம் பிரிக்க முடியவில்லை. சத்தத்துக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

என்னைக் கட்டிப்போட்டது நாப்கள்தான், கையால் திருகும் குமிழ்கள். இடது கை கார்டைப் பிடித்திருக்க, வலது கை கட்ஆஃபை (ஃபில்டர் எந்த உயரம் வரை சத்தத்தை விடும் என்பதை) திறந்துகொண்டிருக்கும்போதே ஒரு விரல் ரெசனன்ஸுக்கு (அந்த எல்லையைத் தூக்கிக் காட்டும் நாப்) போய்விடும், கண் எங்கேயும் பார்க்க வேண்டியதில்லை, காது மட்டும்தான் வேலை செய்யும். மவுஸில் ஒரு நேரத்தில் ஒரு நாப்தான். சரி, ப்ளக்இன்னை இயக்கும் நாப்கள் கொண்ட மிடி கண்ட்ரோலர் போதாதா? அதையும் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ப்ளக்இன்னிலும் அதே நாப் வேறு வேறு வேலை செய்ததால் கைக்கு எதுவும் மனப்பாடம் ஆகவில்லை.

ஹார்ட்வேர் என்றாலே இந்தச் சுகம் வந்துவிடும் என்றும் இல்லை. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7உம் ஹார்ட்வேர்தான், ஒரு அலையால் இன்னொரு அலையை அசைத்துச் சத்தம் செய்யும் எஃப்எம் முறை அதில், ஆனால் ஆறு ஆபரேட்டர்களின் (அந்த அலைகளைத் தரும் பகுதிகள்) அத்தனை விவரங்களையும் பட்டன்களையும் ஒரே ஒரு டேட்டா ஸ்லைடரையும் வைத்து மாற்ற வேண்டும். பலர் அதில் தயாராக வந்த பிரீசெட் சத்தங்களோடு நின்றுவிட்டார்கள். எஃப்எம் சத்தம் செய்ய இன்றும் எனக்கு ப்ளக்இன்தான் வசதி, சத்தம் எழுந்து அடங்கும் விதமான என்வலப் எல்லாம் திரையில் படமாகத் தெரிகிறது. மறுவருடம் வந்த ரோலண்ட் ஜூனோ-106ஐப் பாருங்கள், ஒரு வேலைக்கு ஒரு ஸ்லைடர், மெனு என்பதே கிடையாது. வாங்கும் முன் பார்க்க வேண்டியது அந்த முகப்பைத்தான்.

கஷ்டமும் உண்டு. என் சின்த்தில் ஒரு நேரத்தில் ஒரு வகைச் சத்தம்தான், பேஸ் (அடித்தளச் சுரம்), பேட் (பின்னணியில் நீளும் சத்தம்) என்று ஒவ்வொன்றாக ஆடியோவாகப் பதிவு செய்தாக வேண்டும். ஒருமுறை பேட்சை, அதாவது அந்தச் சத்தத்துக்கான அமைப்பை, சேவ் செய்ய மறந்து ஒரு நல்ல பேஸைத் தொலைத்தேன், இரண்டு இரவு உட்கார்ந்து தேடியும் திரும்ப வரவில்லை. ஆனாலும் பதிவானது பதிவானதுதான் என்று நகர்ந்துவிடுவதால், முடிக்காமல் கிடந்த பாட்டுகள் இப்போது முடிகின்றன. ப்ளக்இன்னில் பத்து நாள் கழித்தும் ஃபில்டரைத் திருத்திக்கொண்டே இருப்பேன்.

அப்புறம் அந்த இரைச்சல். யூஎஸ்பி கேபிளைச் செருகினாலே ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சுச் சத்தம், சின்த்தில்தான் கோளாறு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். காரணம் கிரவுண்ட் லூப், இணைத்த கருவிகளின் தரை இணைப்புகள் வளையமாகி இரைச்சல் ஏறுவது. சுரத் தகவலைக் கடத்தும் பழைய 5 பின் மிடி கேபிளுக்கு மாறினேன். அதில் உள்ளீட்டுப் பக்கம் ஆப்டோகப்ளர் இருப்பதால் சிக்னல் ஒளியாகக் கடந்துவிடும், இரண்டு கருவிக்கும் நடுவே அந்த வழியில் மின் தொடர்பு இருக்காது. அன்றே கீச்சு நின்றது.