பெரம்பூர் மாஸ்டர் செய்து கொடுத்த பலா மரக் கிடார்

விலை 78,000 ரூபாய். கிடாரைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "அந்தக் காசுக்கு மவுண்ட் ரோட்டிலேயே நல்ல கம்பெனி கிடார் வந்திருக்குமே?" வந்திருக்கும். கடையில் உட்கார்ந்து வாசித்தும் பார்த்தேன், குறை சொல்ல முடியாது. ஆனால் சென்னைக் காற்றில் பத்து வருஷம் வாசிக்க ஒரு கிடார் வேண்டும் என்றால், அதை இந்த ஊர் காற்றை அறிந்த ஒருவர் செய்திருக்க வேண்டும், பழுதானால் ஆட்டோவில் போய் அவர் கையிலேயே கொடுக்க முடிய வேண்டும். அதற்காகத்தான் பெரம்பூரில் கையால் கிடார் செய்கிற மாஸ்டரிடம் அட்வான்ஸ் கொடுத்தேன்.

பெயரும் நம்பரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போர்டு மாட்டிய கடை கிடையாது. வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பட்டறை, அதற்குள் ஏசி போட்ட சின்ன அறை ஒன்று. வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கிடார்கள்தான் செய்கிறார். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கிடார் வைத்திருந்த காலத்தில் ரிப்பேர் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட கை அது.

நான் சர்ச் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறவள். என் கை சின்னது. டிரெட்நாட் என்கிற பெரிய உடம்புக் கிடாரை அணைத்துக்கொண்டு ஒரு முழுப் பூசை வாசித்தால் வலது தோள் இறங்கிவிடும். இதைச் சொன்னதும் அவர் அளவு நாடாவை எடுக்கவில்லை. ஒரு பழைய கிடாரைக் கையில் கொடுத்து, "எப்பவும் வாசிக்கிறதை வாசிங்கம்மா" என்றார். என் இடது கட்டைவிரல் எங்கே போய் நிற்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பியின் நீளம் 645 மி.மீ. வேண்டாம், 632 போதும், உடம்பும் கொஞ்சம் ஒல்லியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார். அந்த 13 மி.மீ. வித்தியாசம் கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) எஃப் கார்டு என்கிற சுரக்கூட்டைப் பிடிக்கும்போது விரலுக்குத் தெரிகிறது. கம்பியின் இழுவிசையும் கொஞ்சம் குறைகிறது.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி (ரோஸ்வுட்), மகோகனி, பலா மூன்று மரங்களையும் காட்டினார். ஈட்டி என்றால் எல்லோருக்கும் ஆசைதான். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும் 1969 வாக்கில் அமெரிக்காவின் மார்ட்டின் கிடார் கம்பெனியே நம் ஈட்டிக்கு மாறியது, இன்றைக்கு உலகம் முழுக்கப் பல நல்ல கிடார்களின் முதுகில் இருப்பது அதுதான். ஆனால் தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காக்க 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். அதனால் யார் ஈட்டி என்று சொல்லி விற்றாலும் மரம் எங்கிருந்து வந்தது என்று பில்லைக் கேளுங்கள். மாஸ்டர் கேட்காமலே எடுத்துக் காட்டினார். நான் பலாவைத் தேர்ந்தெடுத்தேன். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதானே? மஞ்சளாக இருக்கும், வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்குப் போய்ப் பழுப்பாகும். கிடாருக்கு எப்படி இருக்குமோ என்ற தயக்கம் எனக்கு இருந்தது. அவருக்கு இல்லை.

மேல் பலகை மட்டும் வெளிநாட்டு ஸ்ப்ரூஸ் மரம். கிடாரின் குரல் பெரும்பாலும் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. அதை இழைக்கிற அன்று என்னை வரச் சொன்னார். இழைப்புளியால் சீவி, பிறகு எஃகுத் தகட்டால் சுரண்டி, நடுநடுவே பலகையின் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். 3.2 மி.மீ. இருந்தபோது அட்டைப்பெட்டியைத் தட்டிய மாதிரி "டொக்" என்று உடனே அடங்கியது. இன்னும் சீவினார். சீவல் மெல்லிசாகிக்கொண்டே போய் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு வந்தது. 2.8ஐத் தொட்டபோது தட்டினால் ஒலி கீழே இறங்கி, விட்ட பிறகும் நீண்டது. அங்கே நிறுத்தினார். "இன்னும் சீவினா இன்னும் நல்லா கேக்கும்மா. ஆனா ரெண்டு வருஷத்துல பிரிட்ஜ் பின்னாடி மேடு தட்டிடும்" என்றார். கம்பிகளைப் பலகையோடு பிடித்து வைக்கிற கட்டைதான் பிரிட்ஜ். ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்குவது 3 மி.மீ.கூட இல்லாத அந்தப் பலகையும், அதன் அடியில் எக்ஸ் வடிவில் ஒட்டிய குச்சிகளும்தான்.

அந்தக் குச்சிகளை ஒட்டுவது ஏசி அறைக்குள் மட்டும். சுவரில் ஈரப்பத மீட்டர் இருக்கிறது. முள் 50 சதவீதத்துக்கு மேல் போனால் பசை டப்பாவைத் திறக்க மாட்டார். காரணம் எளிது. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஈரக்காற்றில் ஒட்டிய கிடாரை ராத்திரி முழுக்க ஏசி ஓடும் படுக்கையறையில் வைத்தால் பலகை சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். காய்ந்த காற்றில் ஒட்டினால் வெடிக்காது, மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். "நம்ம ஊரு காத்துல பாதி தண்ணிம்மா. அது மரத்துக்குள்ள போறதும் வர்றதும்தான் என் வேலையே."

பக்கப் பலகையை வளைத்ததையும் பார்த்தேன். 2 மி.மீ. பலாப் பலகையை நனைத்து, சூடான இரும்புக் குழாய் மேல் அழுத்தி ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் மரம் விட்டுக்கொடுப்பது கண்ணுக்கே தெரிகிறது. இடுப்பு வளைவு வரும் இடத்தில் ஒரு துண்டில் மயிரிழை விரிசல் விட்டது. பசை விட்டு மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அதை ஓரமாகப் போட்டுவிட்டு அதே பலகையிலிருந்து வேறு துண்டு அறுத்தார். அதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய் வாங்கவில்லை.

இப்போது குறைகள். சொன்ன தேதிக்குத் தரவில்லை, மாதக்கணக்கில் இழுத்தது. வடகிழக்குப் பருவமழை குறுக்கே வந்தது உண்மைதான், ஆனால் பெரம்பூரில் ஒவ்வொரு வருஷமும் மழை பெய்கிறது, அதைக் கணக்கில் வைத்தே தேதி சொல்லியிருக்கலாம். போன் எடுப்பது அரிது. பெட்டி தருவதில்லை, ஸ்பீக்கரில் இணைக்கப் பிக்அப் வைப்பதில்லை, வாரண்டி வாய்வார்த்தைதான். பாலிஷ் விஷயமும் யோசிக்க வேண்டியது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணி உருண்டையால் தேய்த்துத் தேய்த்துப் போடுகிற பிரெஞ்சு பாலிஷ். மரத்தின் மேல் கனமான பூச்சு உட்காராததால் ஒலிக்கு நல்லது, பார்க்கவும் அழகு. ஆனால் மே மாத வியர்வையில் முன்கை படுகிற இடம் ஏற்கெனவே மங்கிவிட்டது. கையில் சானிடைசர் போட்டுக்கொண்டு தொட்டால் போச்சு. மேடையில் ஆளாளுக்கு எடுத்து வாசிக்கிற கிடார் வேண்டுமென்றால் இது சரிப்படாது.

ஒலிக்கு வருகிறேன். தாழ்ந்த கம்பிகள் டிரெட்நாட் மாதிரி முழங்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நடுக் கம்பிகள்தான் இதன் பலம். விரலால் மீட்டினால் ஒவ்வொரு சுரமும் தனியாக, உடனே எழுகிறது, பாடகரின் குரலை மூடுவதில்லை. எங்கள் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறவர்கள் மைக் இல்லாத ஒத்திகையிலேயே சுருதி கேட்கிறது என்றார்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டைத் தாண்டி மேலே போனாலும் சுருதி பிசகவில்லை. ஃப்ரெட்டின் ஓரங்கள் கையை உறுத்துவதில்லை.

விற்ற பிறகு அவர் நடந்துகொண்ட விதத்துக்குத்தான் நான் முழு மதிப்பெண் தருகிறேன். முதல் மழைக்காலத்தில் மேல் பலகை உப்பி, கம்பி ஃப்ரெட்டிலிருந்து எழும்பிவிட்டது, ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற பார் கார்டு பிடிக்கவே முடியவில்லை. கொண்டுபோனேன். கழுத்தைத் தொடவில்லை, பலகையைத் தொடவில்லை. பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் எலும்புச் சேடிலை உருவிவிட்டு, ஒரு மி.மீ. உயரம் குறைவான இன்னொன்றைச் செய்து போட்டார். பழையதை ஒரு கவரில் போட்டு "வெயில்" என்று எழுதிக் கொடுத்தார். அக்டோபரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. கம்பி மாற்றும்போது நானே மாற்றிக்கொள்கிறேன், ஐந்து நிமிஷ வேலை. கழுத்தையும் பசையால் ஒட்டாமல் உள்ளிருந்து போல்ட் போட்டு முடுக்கியிருப்பதால், பல வருஷம் கழித்துக் கோணம் மாற்ற வேண்டி வந்தாலும் கழற்றுவது சுலபம்.

ஒரு மாதத்தில் கிடார் வேண்டும் என்பவர்கள் மவுண்ட் ரோட்டுக்கே போங்கள். காத்திருக்க முடிந்தவர்கள் பெரம்பூரில் சர்ச்சிலோ கல்யாண பேண்டிலோ கிடார் வாசிக்கிற யாரையாவது கேளுங்கள், வழி சொல்வார்கள். போகும்போது இப்போது வாசிக்கிற கிடாரை எடுத்துப் போங்கள், வீட்டில் அது எந்த அறையில் இருக்கிறது, ஏசி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் சொல்லுங்கள். அவர் எப்படியும் கேட்பார்.