திருகோணமலையில் ஈரல் ஸ்கேன், அங்கே அல்ட்ராசவுண்ட் சிகிச்சை பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டவை

திருகோணமலை டவுனுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அங்கிருக்கும் டொக்டரே கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. ஆனாலும் வீட்டில் ஈரல் வருத்தக்காரர் இருந்தால் ஒரு ஸ்கேன் சென்டரில் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, கனகாலமாகச் சீனி வருத்தம். கூடவே கொழுப்பு ஈரலும் இருந்து, அது முற்றி சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் நிலை, ஆகிவிட்டது. மனிசன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஈரல் கெட்டுப்போவது குடிகாரருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரில் இன்னும் நிறையப் பேர். இலங்கையில் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று குறைவு, ஈரல் புற்றுநோய்க்குப் பின்னால் இங்கே அதிகம் இருப்பது கொழுப்பு ஈரலும் மதுவும்தான். சிரோசிஸ் வந்தவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை ஈரலை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், முடிந்தால் ஏ.எஃப்.பி. என்ற இரத்தப் பரிசோதனையும் சேர்த்து. அப்படித்தான் நாங்கள் இந்த சென்டருக்குப் போகத் தொடங்கினோம்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். டொக்டர் அவசரப்படுவதில்லை. மாமாவை நேராகப் படுக்க வைத்து, பிறகு இடப்பக்கம் சரித்து, விலா எலும்புகளுக்கு இடையால் பார்த்து, "மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ, இப்ப விடுங்கோ" என்று பொறுமையாகச் சொல்லிச் சொல்லி, ஈரலின் மேல் மூலை வரைக்கும் தேடுகிறார். ஈரலின் மேல்பகுதி விலாவுக்குள் ஒளிந்து கிடக்கும், மூச்சை இழுத்தால்தான் கீழே இறங்கும். வேறு ஒரு இடத்தில் ஜெல்லைப் பூசி இரண்டு தடவை தேய்த்துவிட்டு 'கொழுப்பு ஈரல்' என்று ஒரே வரியில் ரிப்போர்ட் தந்ததையும் பார்த்திருக்கிறோம். இங்கே பழைய படத்தையும் வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அப்படி ஒப்பிட்டபோதுதான் முன்பு இல்லாத ஒரு கட்டி அகப்பட்டது, 21 மில்லிமீட்டர்.

ரிப்போர்ட்டில் எல்லாம் இருந்தது. ஈரலின் எட்டுப் பிரிவில் கட்டி எந்தப் பிரிவில் இருக்கிறது, எந்த அளவு, குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்தில் இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, வயிற்றுக்குள் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று ஒன்றும் விடுபடவில்லை. அதைவிட முக்கியமானது, இந்த ஸ்கேனை மட்டும் வைத்து புற்றுநோய் என்று சொல்ல முடியாது, மூன்று கட்டமாக எடுக்கும் சீ.ரி. ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அவர் தெளிவாகச் சொன்னது. அந்த சீ.ரி.க்காக நாளத்தில் மருந்து ஏற்றியவுடன் கட்டி பளிச்சென்று தெரிந்து, பிந்திய கட்டத்தில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கினால், சிரோசிஸ் உள்ளவருக்கு அநேகமாகச் சதை எடுத்துப் பார்க்காமலே உறுதிப்படுத்திவிடுவார்களாம்.

இனி அல்ட்ராசவுண்ட் சிகிச்சை விசயம். கட்டி என்றதும் கனடாவிலிருக்கும் மச்சாள் ஒரு வீடியோ அனுப்பினாள். கத்தி இல்லை, ஊசி இல்லை, ஒலியாலேயே ஈரல் புற்றுநோயை அழிக்கிறார்கள் என்று. அதை நான் டொக்டரிடம் காட்டி, இது உண்மையா, உங்கள் மெஷினால் முடியாதா என்று கேட்டேன். வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் அவர் உட்கார்ந்து விளக்கினார். நான் இந்த விமர்சனத்தை எழுதுவதே அந்த விளக்கத்துக்காகத்தான்.

உண்மைதான். அதன் பெயர் ஹிஸ்டோட்ரிப்சி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஹிஸ்டோசோனிக்ஸ் என்ற கம்பெனியின் 'எடிசன்' மெஷினுக்கு 2023 ஒக்டோபரில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 2025 இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக்ஸ் வைத்தியசாலைக்கும் வந்துவிட்டது. சுடுவதில்லை, கதிர்வீச்சும் இல்லை. மிகக் குறுகிய, மிகப் பலமான ஒலித் துடிப்புகளை ஒரே புள்ளியில் குவிக்கும்போது, சோடா மூடியைத் திறந்ததும் குமிழ் கிளம்புகிற மாதிரி, திசுவுக்குள் கரைந்திருக்கும் வாயு நுண்குமிழிகளாகக் கிளம்புகிறது. அவை விரிந்து சுருங்கும் வேகத்தில் கட்டியின் கலங்கள் கிழிந்து கூழாகின்றன, அந்தக் கூழை உடம்பே மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும். இரத்தக் குழாயும் பித்தக் குழாயும் நார்த்தன்மையானவை என்பதால் கலங்களைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. குமிழ்கள் கிளம்புவதை ஸ்கேன் திரையில் அந்த நேரமே பார்த்துப் பார்த்துச் செய்யலாமாம்.

சீனாவில் 1990களின் கடைசியிலிருந்தே செய்துவரும் ஹைஃபு வேறு. அதிலும் ஒலியைத்தான் குவிக்கிறார்கள், ஆனால் அது வெப்பத்தால் கட்டியைச் சுடும் முறை. விலா எலும்பு குறுக்கே நிற்பதும், தோல் சுட்டுவிடக்கூடும் என்பதும் அதில் தொல்லை.

வீடியோவில் வராத பகுதியையும் அவர் மறைக்கவில்லை. கத்தி இல்லை என்றாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் மூச்சுக்கு மூச்சு ஈரல் அசையும். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் சிகிச்சை பெற்றவர்கள் 44 பேர் மட்டுமே. 3 சென்ரிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். குறிவைத்த கட்டிகளில் 95 வீதம் சரியாக அழிந்தன, 3 பேருக்குப் பாரதூரமான பக்கவிளைவு வந்தது. அனுமதி கொடுத்ததுகூட ஈரல் கட்டியை அழிப்பதற்குத்தான். இதனால் ஆயுள் கூடுகிறதா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. கட்டியை அழித்தாலும் சிரோசிஸ் ஈரல் அப்படியேதான் இருக்கும், இன்னொரு இடத்தில் புதிதாகக் கட்டி வரலாம். இதையெல்லாம் ஒரு சின்ன ஊர் ஸ்கேன் அறையில், பயந்துபோய் நிற்கிற குடும்பத்துக்கு நேர்மையாகச் சொல்ல ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விசயம்!

இதற்கு நேர் எதிரான அனுபவமும் எங்களுக்குக் கிடைத்தது. டவுனுக்கு வெளியே ஒரு தெரபி நிலையத்தில், வெளிநாட்டில் செய்கிற அதே அல்ட்ராசவுண்ட் தங்களிடமும் இருக்கிறது, கட்டி கரைந்துவிடும், முற்பணம் கட்டுங்கோ என்றார்கள். அந்த மெஷினைப் படம் எடுத்துக்கொண்டு வந்து டொக்டரிடம் காட்டினேன். மூட்டு வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் பிசியோதெரபியில் வைக்கிற சாதாரண மெஷின்! அதைப் புற்றுநோய்க் கட்டிக்கு மேல் வைக்கவே கூடாது என்பது பிசியோதெரபி படிக்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் விதி. உயிருக்குப் பயந்தவர்களிடம் இப்படிக் காசு பறிப்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. தயவுசெய்து யாரும் ஏமாறாதீர்கள். மயக்க மருந்து டொக்டர் இல்லாமல், சீ.ரி. ஸ்கேனைப் பார்க்காமல், 'பத்து சிற்றிங்' என்று யாராவது சொன்னால் அது ஈரல் புற்றுநோய்ச் சிகிச்சை இல்லை.

நம் நாட்டில் செய்யக்கூடியவை இருக்கின்றன. சின்னக் கட்டி என்றால், இதே ஸ்கேனில் பார்த்துக்கொண்டு ஊசியைச் செலுத்தி கட்டியைச் சுட்டுவிடலாம், இல்லையென்றால் வெட்டி எடுக்கலாம், சிலருக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சையும் பொருந்தும். மாமாவுக்குக் கொழும்பில் ஊசி வழியாகத்தான் செய்தார்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டதால் அது முடிந்தது. ஹிஸ்டோட்ரிப்சி நாளைக்கு இங்கே வந்தாலும் முதலில் பயன்படப்போவது கட்டி சின்னதாக இருக்கையிலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குத்தான், அதனால் அந்த 6 மாத ஸ்கேனை விடாதீர்கள்.

சரி, சென்டரின் குறைகளையும் சொல்ல வேண்டும். காத்திருக்கும் இடம் மிகச் சின்னது, மத்தியானத்துக்குப் பிறகு வெக்கை தாங்காது. நம்பர் கொடுப்பார்கள், ஆனால் அவசரக் கேஸ் வந்தால் ஒழுங்கு குழம்பிவிடும். வெறும் வயிற்றோடு வருகிற சீனி வருத்தக்காரரை முதலில் எடுக்கலாம்தானே? இதை அங்கேயே சொல்லியிருக்கிறேன், இன்னும் மாறவில்லை. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் மட்டும்தான். கேட்டால் தமிழிலும் சிங்களத்திலும் வாயால் விளக்குகிறார், கேட்காவிட்டால் ஆளை அனுப்பிவிடுவார்கள். ஆகவே கேளுங்கள்.

போகிறவர்கள் 6 மணித்தியாலமாவது சாப்பிடாமல் போங்கள், இன்சுலின் போடுகிறவர்கள் காலை ஊசியை என்ன செய்வது என்று முதல்நாளே கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். பழைய ரிப்போர்ட், பழைய படம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள், அங்கே அவற்றைத் திறந்து பார்க்கிறார்கள். மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வருபவர்கள் கோல் எடுத்து டொக்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டே பஸ் ஏறுங்கள், போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சென்டர் திறப்பதில்லை.