ஜி நோட்டில் முனகும் பேஸ் கிடார்: எட்டு வருட அனுபவம்

"அக்கா, ஜாஸ் பேஸ் மாடல் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. பதினாறாயிரம் சொல்லுதாங்க. உங்ககிட்ட இருக்கிறது மாதிரியேதான் இருக்கு. வாங்கலாமா?"

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போனில் கேட்டது இது. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் நடந்த அசனப் பண்டிகையில் (ஊர் கூடிச் சாப்பிடும் விருந்துத் திருநாள்) இந்தக் கிடார் என்னைப் படுத்திய பாட்டில் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னுடையதை 2017-ல் சாயர்புரத்தில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். மெல்லிசைக் குழுவில் பல வருடம் வாசித்தவர். விரல் மூட்டு வலியால் விட்டுவிட்டார். உறை, ஆலன் கீ, ஒரு பழைய கம்பி செட் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். எடுத்துக் கையில் கொடுக்கும்போதே, "எம்மா, இது கொஞ்சம் முனங்கும். ரெண்டு வால்யூமையும் முழுசாத் திறந்து வச்சா அடங்கிரும்" என்றார். மறைக்காமல் சொன்ன மனிதர். அன்று எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எட்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜாஸ் பேஸ் வடிவில் ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு இருக்கும். காந்தத்தைச் சுற்றிய அந்தச் செம்புக் கம்பிச் சுருள் கிடார் கம்பியின் அசைவை மட்டும் பிடிப்பதில்லை. பக்கத்தில் ஓடுகிற கரண்டின் காந்தப்புலத்தையும் சேர்த்தே பிடிக்கும். அதுதான் முனகல். இரண்டு பிக்கப்பில் ஒன்றின் சுருளையும் காந்தத்தையும் மற்றதற்கு எதிர்த்திசையில் அமைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் இரண்டு முனகலும் ஒன்றையொன்று அடித்துவிடும், கம்பியின் ஓசை மட்டும் கூடும். பெரியவர் சொன்னது இதைத்தான். ஏதாவது ஒரு வால்யூம் குமிழை ஒரு நெல்லளவு குறைத்தாலும் முனகல் எட்டிப் பார்க்கும்.

அப்படியானால் இரண்டையும் முழுசாகவே வைத்து வாசிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் ஆலயம் உயரமான கூரையும் கல் சுவருமாக உள்ள பழைய கட்டிடம். இரண்டு பிக்கப்பும் சேரும்போது ஓசையின் நடுப்பகுதி குழிந்துவிடும். வீட்டில் தனியாகக் கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கட்டிடத்தில் கீபோர்டின் இடது கையும் ஐம்பது பேர் பாட்டும் சேரும்போது பேஸ் எங்கே போனது என்றே தெரியாது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் திறந்தால் உருண்டு திரண்டு, கடைசி பெஞ்சில் இருப்பவர் நெஞ்சு வரைக்கும் போகும். எனக்கு வேண்டிய ஓசை அதில்தான் இருக்கிறது. முனகலும் அதில்தான் இருக்கிறது.

இதிலே எனக்குப் பொறுக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) பிடித்தால் வருவது ஜி, அது 49 ஹெர்ட்ஸ். அதாவது முனகலும் ஒரு ஜிதான், ஒரு ஃப்ரெட் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிப்போன ஜி. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஒரு தடவை அலை அலையாக எழுந்து அடங்கும். ஜாஸ் பேஸை உருவாக்கிய லியோ ஃபெண்டரின் கலிபோர்னியாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே முனகல் பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நட்டநடுவில், எந்த நோட்டிலும் சேராமல் விழும். 1960-ல் அங்கே பிறந்த வடிவம் இங்கே வந்து நேராக ஜி-யின் தோளில் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் கோயில் பாட்டுப் புத்தகமான பாமாலையில் ஜி மேஜரில் எத்தனை பாட்டு இருக்கின்றன என்று கோயிலில் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். முடிவில் "ஆமென்" வரும். சி-யில் ஏறி, ஜி-யில் இறங்கி, அப்படியே நிற்க வேண்டும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைசி நோட்டில் நிற்கும்போது என் பேஸ் மட்டும் ஊம்... ஊம்... ஊம் என்று ஆடும். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிகிறதே. கொயரில் (பாடகர் குழுவில்) ஒரு பையன், "கிடாரைக் கொஞ்சம் ஏத்திச் சுருதி வச்சா என்னக்கா?" என்று கேட்டான். நல்ல யோசனைதான், ஆனால் கீபோர்டு கூட வராதே.

சும்மா இருக்கவில்லை. முதலில், உள்ளே பிக்கப் உட்காரும் குழி முழுவதும் செம்புத் தாள் ஒட்டினேன். ஒட்டிவிட்டு எர்த்தோடு சேர்த்து ஈயம் வைக்க வேண்டும், அது முக்கியம். ஜங்ஷன் பக்கம் ரேடியோ சர்வீஸ் செய்கிற ஒரு அண்ணாச்சி, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு மூலையையும் தொட்டுப் பார்த்து "பீப்" கேட்ட பிறகுதான் மூடினார். அதிலிருந்து 'கிர்ர்' என்ற மேல்ஸ்தாயி எரிச்சல் போய்விட்டது. ஆனால் அடியில் இருக்கிற முனகல் அப்படியே இருந்தது. செம்புத் தாள் மின்புலத்தைத் தடுக்கும், காந்தப்புலத்துக்கு அது ஒரு தடையே இல்லை. பழைய சோக் வைத்த டியூப் லைட்டை அணைத்தால் கொஞ்சம் குறையும். சுழற்றுகிற எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் இருக்கிற அறையில் வேறு விதமான எரிச்சல் வரும். கிடாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினால் ஏதோ ஒரு திசையில் சட்டென்று அடங்கும். எங்கள் ஆலயத்தில் எனக்கு அந்தத் திசை வடகிழக்கு. கொயர் பார்த்து நிற்க வேண்டிய திசை மேற்கு.

எர்த் விஷயம் தனி. எங்கள் வீட்டு எர்த் குழி உப்பும் கரியும் போட்டுப் பல வருடம் ஆனது. சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து பாளம் பாளமாகிவிடும். அப்போது ஆம்ப் எரிச்சல் போடும், கம்பியைத் தொட்டால் விரலில் லேசாகச் சுர்ரென்று இருக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். இது சின்ன விஷயம் இல்லை. ஒரு கிராமத்துக் கூட்டத்தில் ஆம்பை எர்த் இல்லாத ரெண்டு பின் பிளக்கில் செருகியிருந்தார்கள், மைக் வேறு லைனில் இருந்தது. பாட வாயைக் கொண்டுபோனதும் உதட்டில் அடித்த அடியில் இரண்டு நாள் வாய் மரத்தது. புது இடத்துக்குப் போனால் முதலில் டெஸ்டரை எடுத்துக் கம்பியிலும் மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். எரிந்தால் எலெக்ட்ரீஷியன் வந்து சரி செய்கிற வரைக்கும் வாசிக்காதீர்கள். யார் கோபித்தாலும் சரி.

நியாயத்துக்கு நல்லதையும் சொல்ல வேண்டும், நிறைய இருக்கிறது. கழுத்தின் அகலம், தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட் பக்கம், 38 மில்லிமீட்டர்தான். என் கை சின்னது. ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸ் வடிவத்தின் அகலக் கழுத்தில் அரை மணி நேரத்தில் கட்டை விரல் வலிக்கும், இதில் மூன்று மணி நேரக் கன்வென்ஷன் கூட்டத்துக்கு வாசித்திருக்கிறேன். ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் சி-யை அழுத்தி விட்டால் வருகிற ஓசைக்கு என்னிடம் வார்த்தை இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கழுத்தின் உறுதியையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்காலளவு தண்ணீர் வந்தது. ஆம்ப் போய்விட்டது. சுவரில் தொங்கிய கிடார் தப்பியது. மூன்று நாள் கரண்ட் இல்லாமல், ஈரச் சுவரோடு ஒட்டித் தொங்கியிருக்கிறது. எடுத்துப் பார்த்தபோது கழுத்து கொஞ்சம் முன்னுக்கு வளைந்து கம்பி மேலே ஏறியிருந்தது. கழுத்துக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பார்த்தால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான். கால் சுற்றோடு சரியாகிவிட்டது. ஆடிக் காற்றில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். தென்காசியில் சாரல் விழும்போது நமக்கு இங்கே காய்ந்த காற்றுதான், மரத்துக்கு அது தெரியும்.

கம்பிச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பேஸ் கம்பி செட் விலைக்கு மாதா மாதம் மாற்ற யாராலும் முடியாது. நான் கழற்றிச் சுருட்டி, அதற்கென்றே வைத்திருக்கிற ஒரு பழைய அலுமினியப் பானையில் பத்து நிமிடம் கொதிக்க வைப்பேன். வியர்வையும் அழுக்கும் தண்ணீர் மேலே சாம்பல் நிறத்தில் மிதந்து வரும். பிறகு துணியால் துடைத்து, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து மாட்டினால் மணி மாதிரிப் பேசும். சில வாரம் தாங்கும். ஒரே கம்பியை மூன்று தடவைக்கு மேல் நான் கொதிக்கவைப்பதில்லை.

தம்பி, நீ பார்க்கப்போகும் கிடாரில் பெயிண்டைப் பார்க்காதே, கழுத்தைப் பார். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் நோக்கு. வளைவு இருந்தால் சரி செய்யலாம், முறுக்கு இருந்தால் விட்டுவிடு. ட்ரஸ் ராட் நட்டில் ஆலன் கீ பிடிப்பாக உட்காருகிறதா, திரும்புகிறதா என்று உன் கையால் பார்க்காமல் பணம் கொடுக்காதே. குமிழில் கரகர சத்தம், ஆடுகிற ஜாக் இதெல்லாம் நூறு, இருநூறு ரூபாய் வேலை. விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்து. அப்புறம் ஒரு குமிழை முழுசாக மூடிவிட்டு, கையைக் கம்பியிலேயே வைத்துக்கொண்டு, வாசிக்காமல் நில். கேள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஊரில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. சீரியல் செட், சமையல் பந்தலில் ஃபோகஸ் லைட், எல்லாம் அதில்தான். சுமை ஏற இறங்க ஜெனரேட்டரின் வேகமும் ஆடும், முனகலும் கூடவே ஏறி இறங்கும். நோயாளிகளுக்காக ஜெபம் நடந்தது. ஐயர் (எங்கள் போதகர்) மெதுவாகப் பேச, கீபோர்டும் பேஸும் அடியில் மிருதுவாக ஓட வேண்டும். ஜெபம் ஜி மேஜரில்தான் ஓடியது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கண்ணைத் திறந்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பந்தலைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் வால்யூமை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஜெபத்துக்கு வாசிக்கத்தான் நான் போயிருந்தேன்.

ஆகவே என் பதில்: வாங்க வேண்டாம். மேலே அவ்வளவு புகழ்ந்ததெல்லாம் உண்மை, இதுவும் உண்மை. நீயும் கோயிலில்தான் வாசிக்கப்போகிறாய், நம் ஊர் எர்த்தும் ஜெனரேட்டரும் நாளைக்கே மாறப்போவதில்லை. பிரிசிஷன் வடிவத்தில் ஒன்று தேடு. 1957 முதல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, ஒன்றின் முனகலை மற்றது அடிக்கும்படி வைத்துவிட்டார்கள். குமிழ் எங்கே இருந்தாலும் அமைதியாக இருக்கும். கழுத்து அகலம், ஆனால் உன் கை பெரிய கை. ஜாஸ் பேஸுக்கும் முனகாத பிக்கப் விற்கிறார்கள், அதன் விலை நான் கிடாருக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் வருகிறது. அதைப் போட்டால் அந்த சி நோட்டு என்ன ஆகுமோ என்ற பயத்தில் இன்னும் வாங்கவில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வா. டியூப் லைட்டைப் போட்டு, கழுத்துப் பிக்கப்பை மட்டும் திறந்து வைக்கிறேன். ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டைப் பிடித்து ஒரு நிமிடம் விடாமல் கேட்டுவிட்டு, அந்தப் பதினாறாயிரத்தை என்ன செய்வது என்று நீயே சொல்.