டேப்பர் கடைசல்: காம்பவுண்ட் ஸ்லைடா, டெயில்ஸ்டாக்கா?

வியாசர்பாடி லேத் பட்டறைக்கு வரும் டேப்பர் (விட்டம் சீராகச் சிறுத்துக்கொண்டே போகும்) வேலை குட்டையா, நீளமா என்று முதலில் பாருங்கள். 50 மி.மீ. நீளத்தில் விட்டம் 40-லிருந்து 30 ஆகணும் என்றால் கோணத்தில் திருப்பிக் கையால் நகர்த்தும் டூல் மேடையான காம்பவுண்ட் ஸ்லைடுதான். வித்தியாசத்தில் பாதி 5. அதை 50-ஆல் வகுத்தால் 0.1; அதுதான் கோணத்தின் டேன் (tan) மதிப்பு, கோணம் 5.71 டிகிரி. ஸ்லைடில் இருக்கும் டிகிரிக் கோட்டை மட்டும் நம்பாமல் டயல் கேஜ் (நுண்ணிய அளவு காட்டும் முள் மானி) வைத்துச் சரிபாருங்கள். டூலைச் சுமந்து நகரும் கேரேஜைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றணும். கை நின்ற இடத்தில் வரி விழும். இந்த இரண்டில் உள் டேப்பருக்கும் இதுதான் வழி.

300 மி.மீ. ஷாஃப்டில் 200 மி.மீ.க்கு விட்டம் 2 மி.மீ. குறைந்தால் போதும் என்றால் ஷாஃப்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் 1.5 மி.மீ. நகர்த்துங்கள் (வித்தியாசத்தில் பாதி 1, அதை 300/200-ஆல் பெருக்கினால் 1.5). டூல் தானாக நகரும் ஆட்டோ ஃபீடில் வழவழப்பாக வரும். ஆனால் அடுத்த ஷாஃப்டின் நீளம் மாறினால் டேப்பரும் மாறிவிடும். ஷாஃப்டைத் தாங்கும் முனை பொருந்தும் சென்டர் துளையும் ஒருபக்கமாகத் தேயும்.

எந்த முறையானாலும் டூல் நுனி சென்டர் (சுழலும் அச்சு) உயரத்தில் இல்லாவிட்டால் வெளி டேப்பர் நடுவில் குழியும். புளூ (ஒட்டும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவி இணைத் துண்டில் பொருத்திப் பார்த்தால் இரண்டு முனையில் மட்டும் ஒட்டும்.