எப்சன் வி600: காலாங் காலத்து விமானப் பொறியாளரின் ஆல்பத்தை இதில் வைக்கலாமா?

சிங்கப்பூரின் காலாங் விமான நிலையம் 1937 ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டது. வட்டமான புல்தரை, அதை ஒட்டியே கடல் விமானங்களை ஏற்றி இறக்கும் சரிவுமேடை. 1947-இல் மலாயன் ஏர்வேஸ் பறக்கத் தொடங்கியதும் அங்கிருந்துதான். 1955 ஆகஸ்ட்டில் பாய லேபார் விமான நிலையம் திறந்தபின் காலாங் ஓய்ந்தது. அந்த ஆண்டுகளில் இஞ்சினைக் கழற்றி மாட்டியவர்களின் குடும்ப ஆல்பங்கள் இன்று பேரப்பிள்ளைகளின் எச்டிபி அடுக்குமாடி வீட்டு ஷெல்டரில் (காப்பறையில்), பழைய பெட்டிகளுக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றை வீட்டிலேயே ஸ்கேன் செய்ய எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600 ஸ்கேனர் போதுமா என்பதுதான் கேள்வி.

போதும், பெரும்பகுதிக்கு. ஆனால் தானியங்கி அமைப்பிலேயே ஓடவிட்டால், படம் பளிச்சென்று வரும். அதில் இருந்த தகவல் போய்விடும். பொறியாளரின் ஆல்பம் வெறும் கல்யாண ஆல்பம் இல்லை. இறக்கையின் பதிவு எழுத்து, இஞ்சினின் சிலிண்டர் எண்ணிக்கை, படத்தின் பின்பக்கப் பேனா எழுத்து, இவைதான் அவர் எங்கே, எப்போது, எந்த விமானத்தில் வேலை பார்த்தார் என்பதற்குச் சாட்சி.

முதலில் இந்தக் கருவியின் பெரிய பலம். உள்ளே சிசிடி வகை உணரி இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் வகை. கண்ணாடியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலே படம் மங்கிவிடும். பழைய ஃபைபர் தாள் படங்கள் சுருண்டுதான் இருக்கும். அவற்றைத் தட்டையாக்க அழுத்தினாலோ, எதிர்ப்பக்கம் வளைத்தாலோ மேலே உள்ள ஜெலட்டின் படலம் வெடித்துவிடும். அந்தக் கோட்டை மறைக்க எந்த மென்பொருளாலும் முழுதாக முடியாது. வி600-இல் கண்ணாடியை விட்டுச் சில மில்லிமீட்டர் எழும்பி நிற்கும் மூலையும் தெளிவாகவே விழுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை வாங்கலாம். எல்இடி விளக்கு என்பதால் சூடேறக் காத்திருக்கவும் வேண்டாம்.

விளம்பரத்தில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையில் ஏறத்தாழ 1600-ஐத் தாண்டினால் கோப்புதான் பெருக்கிறதே தவிர விவரம் கூடுவதில்லை. தாள் படங்களுக்கு அது போதும். அந்தக் காலத்துப் பெட்டிக் கேமரா படங்கள் பெரும்பாலும் நெகட்டிவ் அளவிலேயே போட்டவை, 6க்கு 9 சென்டிமீட்டர். பெரிதாக்காமல் போட்டதால் அந்தச் சின்னத் தாளில் வியக்கத்தக்க நுணுக்கம் அடங்கியிருக்கும். 300 டிபிஐயில் எடுத்தால் சுமார் 709க்கு 1063 புள்ளிகள். வாட்ஸ்அப்புக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். 1200-இல் எடுத்தால் 2835க்கு 4252.

இந்த வித்தியாசம் எதற்கு உதவும் என்பதற்கு ஒரு படம். தாங்கியில் ஓர் இஞ்சின், மூடுதகடுகள் கழற்றப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு நான்கு பேர். பின்னால் தேதி இல்லை. 1200-இல் பெரிதாக்கிச் சிலிண்டர்களை எண்ணினால், ஒரே வட்டத்தில் ஏழு. அது பெரும்பாலும் ஆம்ஸ்ட்ராங் சிட்லி சீட்டா இஞ்சின். மலாயன் ஏர்வேஸ் முதலில் ஓட்டிய ஏர்ஸ்பீட் கான்சல் விமானத்தில் இரண்டு சீட்டா இஞ்சின்கள் இருந்தன. இரண்டு வரிசையாக, முன்வரிசையின் இடைவெளிகளில் பின்வரிசை தெரியும்படி மொத்தம் பதினான்கு இருந்தால், டிசி-3 விமானத்தின் ட்வின் வாஸ்ப் இஞ்சினாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்னணியில் விமானத்தின் உடலில் ‘விஆர்-எஸ்’ என்று தொடங்கும் எழுத்து தெரிந்தால் அது சிங்கப்பூரில் பதிவானது. ‘9வி’ என்றால் படம் சுதந்திரத்துக்குப் பிந்தையது. 300 டிபிஐயில் இவை பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது.

ஆகவே அமைப்புகள். சின்னப் படங்களுக்கு 1200, அஞ்சலட்டை அளவுக்கு மேல் 600. எப்சன் மென்பொருளில் ‘புரொஃபெஷனல்’ முறைக்கு மாறி, கூர்மையாக்கல், தூசி நீக்கம், நிற மீட்பு, பின்னொளித் திருத்தம் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். தானியங்கி ஒளியளவு வெள்ளைச் சட்டையின் மடிப்பையும் அலுமினியத் தகட்டின் ஆணி வரிசையையும் வெளுத்துவிடும். ஒளியளவைக் காட்டும் வரைபடத்தின் (ஹிஸ்டோகிராம்) இரு முனைகளையும் கையால் சற்று வெளியே இழுத்து வைத்தால் எதுவும் வெட்டுப்படாது. மூலக் கோப்பு டிஃப் வடிவத்தில் இருக்கட்டும்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் நிற முறையில் எடுப்பதும் தவறு. நிறத்தில் எடுங்கள். நிற ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அலைவரிசைகள் தனித்தனியே பதிவாகும். மஞ்சள் கறை நீல அலைவரிசையில் அடர்த்தியாகவும் சிவப்பில் மங்கியும் விழும். நீல மை அதற்கு நேரெதிர், சிவப்பில்தான் கறுத்துத் தெரியும். கறைபிடித்த பின்பக்கத்தை நிறத்தில் ஸ்கேன் செய்து சிவப்பு அலைவரிசையை மட்டும் பிரித்துப் பார்த்தால், கண்ணால் படிக்க முடியாத பெயரும் தேதியும் எழுந்து வரும். இதற்குக் கூடுதல் செலவு ஒன்றுமில்லை. பின்பக்கத்தை விட்டுவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய இழப்பு.

ஆல்பத்தைப் பிரிக்கும் முன் பக்கத்தை முழுதாக ஒருமுறை 600-இல் எடுத்துவிட வேண்டும். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது ஒட்டியிருந்தது என்பதும் தகவல்தான். 1941-க்குப் பிறகு சட்டென்று 1946-க்குத் தாவும் பக்கங்கள் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைச் சொல்லாமல் சொல்லும். இங்கேதான் வி600 கொஞ்சம் காலைவாருகிறது. கண்ணாடி ஏ4 அளவுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. கறுப்பு அட்டை ஆல்பங்கள் அதைவிடப் பெரியவை. பக்கத்தை இரண்டு பகுதிகளாக, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்து இணைக்க வேண்டும். மூடியை அழுத்தி மூடாமல் திறந்தே வைத்து, மேலே கறுப்புத் துணி போர்த்துங்கள். தைத்த முதுகு விரிய மறுத்தால் நிறுத்திவிட்டுக் கேமராவுக்குப் போய்விடுவது நல்லது. 1970-களின் பசைத்தாள் ஆல்பமாக இருந்தால், படத்தை உரிக்க வேண்டாம். மேலே இருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் விலக்கி அப்படியே எடுங்கள்.

நெகட்டிவ் இருந்தால் அதையே முதலில் எடுக்க வேண்டும். 120 ரோல் ஃபிலிமைப் பிடித்து வைக்கும் சட்டம் கூடவே வருகிறது, 2400 டிபிஐ வைத்தால் தாராளம். இதில் பலர் ஏமாறுவது ‘டிஜிட்டல் ஐஸ்’ தூசி நீக்கத்தில். அது அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகள்தான். வெள்ளி அகச்சிவப்பையும் மறைக்கும். எனவே கருவி படத்தையே தூசி என்று எண்ணி மெழுகிவிடும். நிற நெகட்டிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்குக் காற்றூதும் ரப்பர் குமிழும் மென்மையான தூரிகையும் போதும். புளிக்காடி வாசம் அடிக்கும் நெகட்டிவ்களை மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது, அந்த அமிலம் பரவும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய, விளிம்பில் ‘சேஃப்டி’ என்று அச்சிடாத ஃபிலிம் நைட்ரேட்டாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றும், அதை ஸ்கேனரில் வைக்காமல் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களுக்கு இந்தக் கருவி உதவாது, மூடியிலுள்ள விளக்குப் பட்டை குறுகலானது. அதற்கு விலை கூடிய வி850 வேண்டும்.

வெள்ளி மேலெழுந்து கண்ணாடிபோல நீலமாக மின்னும் படங்களிலும் வி600 தோற்கிறது. நிழல் பகுதி முழுதும் வெளிறிவிடும். படத்தைத் தொண்ணூறு பாகை திருப்பி வைத்தால் ஓரளவு குறையும். முழுத் தீர்வு, இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்து, விளக்குக்கும் லென்ஸுக்கும் பளபளப்பைத் தடுக்கும் போலரைசர் வடிகட்டி மாட்டிக் கேமராவில் எடுப்பதே. சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்துக்கும் இதே வழி. நம் ஈரக்காற்றில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும்.

ஸ்கேன் முடிந்ததும் எல்லாரும் ஓடுவது செயலிகளில் நிறமூட்ட. பகிர்ந்து மகிழ ஒரு நகலில் செய்யலாம்; ஆனால் கவனம். கோடக் வெரிக்ரோம் 1956 வரை சிவப்பை உணராத ஃபிலிம். அதில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். கல்யாணப் படத்தில் கறுப்பாகத் தெரியும் கூறைச்சேலை பெரும்பாலும் அரக்குச் சிவப்பு. போர் விமானங்களில் வரைந்த சிவப்பு, நீல அடையாள வட்டத்திலும் இதே கதை. செயலி இதை அறியாது, முகத்தையும் தானே வரைந்துவிடும், பதிவு எழுத்தையும் கற்பனையாக எழுதிவிடும்.

படங்களைத் திரும்ப ஷெல்டரில் அடைக்க வேண்டாம். கேமராவுக்கு வைத்திருக்கும் டிரை கேபினெட்டில் (ஈரம் குறைக்கும் அலமாரியில்) 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும். உறைகள் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். பிவிசி உறை வேண்டவே வேண்டாம். பெயர் எழுத மென்மையான பென்சில், பின்பக்க ஓரத்தில் மட்டும்.

கரோசல் விற்பனைச் செயலியில் பழைய வி600 வாங்குவோர் இரண்டைச் சோதியுங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் மங்கல் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வகைக் கருவிகளில் அது வழக்கம். பிறகு நெகட்டிவ் சட்டத்தை வைத்து ஒரு ஸ்கேன். படம் முழுதும் நேர்கோடு ஓடினால் பயப்பட வேண்டாம், சட்டத்தின் மேல்முனையிலுள்ள அளவுதிருத்த இடைவெளிக்கு நேரே கண்ணாடியில் தூசி இருக்கும். துடைத்தும் கோடு போகாவிட்டால் வேறு ஆளிடம் வாங்குங்கள்.